வெர்னாவின் கோணல் துப்பாக்கி

1

வெண்டெல் ட்ரூவாக்ஸின் செல்போன் ஆறாவது தடவையாக அடித்தது.

எடுக்க வேண்டிய வெண்டெல், இரும்பு செதுக்கும் மில்லிங் மெஷினுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்.

மார்பில் மூன்று ஓட்டைகள். ஒரு காபி கப்பைக் கவிழ்த்தால் மூன்றையும் மூடிவிடலாம். அவ்வளவு நெருக்கம்!

பீப்...

"யோவ் வெண்டெல்! வெர்னா பேசறேன். எடுக்க மாட்டியா? எடுக்காத! எட்டு மாசம்யா... எட்டு மாசம் மத்தியானத்துக்கு வெறும் பீநட் பட்டர் ரொட்டி தின்னு சேத்த காசு! துப்பாக்கியில குறி பாக்கற டாட் சைட் உக்கார ஒரு பள்ளம் வெட்டிக் குடுய்யான்னா, பாழுங்கிணறு வெட்டி வெச்சிருக்க! சைட்டு கடகடன்னு ஆடுது. நேரா பாத்துச் சுட்டா பக்கத்து ஊருக்குப் போகுது. நான் நேர்ல வரதுக்குள்ள நீயே செத்துத் தொலை! ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்!"

துண்டித்தாள்.

மணி காலை பத்து இருபது.

வெண்டெல் செத்து ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது!

பார்சல் கொண்டுவந்த ஆள் கதவைத் திறந்து, பார்சலையும் தன் குரலையும் ஒரே நேரத்தில் கீழே போட்டான். அலறல் சத்தம் நெடுஞ்சாலை வரைக்கும் கேட்டது. அதற்கு முன்னால் கேட்ட மூன்று வெடிச் சத்தத்தை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. ஒஹாயோவின் இந்த மூலையில், டன்மோர் ஊரில், துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவர் ஷெட்டிலிருந்து வெடிச் சத்தம் வந்தால் நாய்கூடத் தலை தூக்காது.

டெபுடி நோலன் ரஸ்க் பத்து நிமிடத்தில் வந்தான். முப்பத்திரண்டு வயது. ஷெரிஃப் ஆபீஸில் கொலைக் கேஸ் பார்க்கும் ஒரே ஆள்.

பின்பக்க ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. அதற்கு நேரே இருபது கஜம் தள்ளி ஒரு வால்நட் மரம். மரத்தடிப் புல்லில் மூன்று காலித் தோட்டா உறைகள். பளபளவென்று, 'வா, வந்து பொறுக்கிக்கொள்' என்பது போலக் கிடந்தன.

நோலன் ஷெட்டுக்குள் சுற்றிப் பார்த்தான். ஒரு டிராக்டர் கம்பெனி காலண்டர் சுவரில் முழங்கால் உயரத்தில் தொங்கியது. குனிந்தால்தான் தேதி தெரியும்.

'இதென்ன, பூனை பாக்கறதுக்கா?' என்று நினைத்தான். நகர்ந்தான்.

அங்கேதான் அவன் தப்பு செய்தான்!

தரையில் கிடந்த செல்போனை உறைக்குள் போட்டு, கடைசிச் செய்தியைத் தட்டினான். குரல் வெடித்தது.

அந்தக் குரல் யாருடையது என்று டன்மோரில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்னா கூன்ட்ஸ்.

"ஐயோ... மிஸ் வெர்னா!"

2

அதற்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை மத்தியானம், அந்தக் குரலை இன்னும் இருபது பேர் கேட்டிருந்தார்கள்.

டன்மோர் துப்பாக்கி கிளப். மாதாந்திரப் போட்டி. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு:

விபத்து இல்லாத நாட்கள்: 6,942.

தினமும் காலையில் ஏணி போட்டு அந்த எண்ணை மாற்றுகிறவர் ராய்ஸ் டெட்வைலர். கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி. டயர் தொழிற்சாலையில் முப்பது வருடம் தர ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாமான். ஒன்று, சரியான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்க்ரூடிரைவர். இன்னொன்று, மஞ்சள் பெயிண்ட் பேனா. ஆடுகிற எதையும் அவர் சும்மா விட்டதில்லை. பெஞ்சு, கதவுக் கீல், காபி மெஷின் கைப்பிடி, அடுத்தவன் மூக்குக்கண்ணாடி... எல்லாவற்றுக்கும் ஒரு 'டிக்'. மேலே ஒரு மஞ்சள் கோடு.

ட்ரிகரில் தெரியாமல் விரல் வைத்ததற்காக, கொள்ளுப்பேரன் எடுத்த ஒரு கிழவரையே ஆயுசுக்கும் கிளப்பை விட்டு நீக்கினவர். மனுஷனுக்கு அந்த போர்டுதான் குலதெய்வம்.

வெர்னாவின் முறை வந்தது. ஐம்பத்தொரு வயது. தாட்டியான உடம்பு. கையில் அவளே கோத்த துப்பாக்கி.

அது பாகம் பாகமாகக் கழற்றி மாட்டுகிற ரகம். உள்ளே ட்ரிகர் உள்ள சின்ன இரும்புப் பெட்டி. அதில்தான் நம்பர் அடித்திருக்கும். சட்டப்படி அது மட்டும்தான் துப்பாக்கி. கைப்பிடி, குழல், மேல்பாதி எல்லாம் சட்டை, பேன்ட் மாதிரி. கடையில் வாங்கலாம், மாற்றிப் போடலாம், கேள்வி கிடையாது. வெர்னா பெட்டியை அடகுக் கடையில் பிடித்தாள். கைப்பிடி கழிவு விலை. மேல்பாதி கீறல் விழுந்த சரக்கு, பாதி விலை. அதன் தலையில் உட்காரும் டாட் சைட், கிறிஸ்துமஸ் தள்ளுபடி. கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே தோட்டா போக வேண்டும்.

போகவில்லை!

ஐந்து இரும்புத் தட்டுகள். ஐந்து குண்டு. ஒரு தட்டுகூட விழவில்லை. ஐந்தாவது குண்டு, இலக்குக்கு நாலடி தள்ளி நின்ற கம்பத்தில் இருந்த ஒரு குருவிக் கூண்டைத் தூக்கியது.

கூட்டம் சிரித்தது.

"வெர்னா! அந்தக் குருவி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

ராய்ஸ் வந்து துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். சைட்டை விரலால் அசைத்தார். ஆடியது. அவர் முகம், பல்வலி வந்தவன் முகம் ஆனது.

"ஸ்க்ரூ மேல என்ன இது? ரோஸ் கலர்ல?"

"நெயில் பாலிஷ்."

"நெயில் பாலிஷா! இது துப்பாக்கியா, கல்யாணப் பொண்ணா?"

"ஸ்க்ரூ திரும்பினா கோடு விலகும். தெரியறதுக்குத்தானே கோடு? உன் பெயிண்ட் பேனா ஒம்போது டாலர். இது ஒரு டாலர். கோட்டுக்கு விலை தெரியுமாய்யா?"

"பள்ளமே கோணலா வெட்டியிருக்கு வெர்னா. நீ எத்தனை இறுக்கினாலும் நிக்காது."

அவ்வளவுதான்.

வெர்னா திரும்பினாள். பத்தடியில் வெண்டெல், கையில் ஹாட் டாக். மற்றவர்கள் நூற்றைம்பது கேட்கும் வேலைக்கு அறுபது வாங்கிக்கொண்டு பள்ளம் வெட்டிக் கொடுத்தவர்.

"வெண்டெல்! கோணலா வெட்டிட்டு என் காசுலயே ஹாட் டாக் தின்னுறியா?"

"அறுபது டாலருக்கு இவ்ளோதான் வரும் வெர்னா. ஒரு பக்கம் பியர் டின் தகடு வெட்டி வெச்சுக்கோ, சரியாப் போயிடும்."

"தகடா! உன்னைச் சுட்டாதான்யா என் மனசு ஆறும்!"

கூட்டம் 'ஓ'வென்றது. அந்தச் சத்தத்தில் அவள் சொன்ன அடுத்த வரி அமுங்கிப் போனது. பக்கத்தில் நின்ற வெண்டெல் காதில் மட்டும் விழுந்தது; அவரே கடகடவென்று சிரித்தார். அவள் சொன்னது இதுதான்:

"ஆனா இந்தத் துப்பாக்கியால சுட்டா உன் மேல படாதே, அதான்யா என் கவலை!"

போட்டி முடிந்து வெர்னா துப்பாக்கியை இரண்டாகப் பிரித்தாள். மேல்பாதி கிளப் லாக்கருக்குள் போனது. கீழ்பாதி அவளோடு வீட்டுக்கு. போன வருடம் வீட்டில் திருடன் புகுந்ததிலிருந்து இதுதான் வழக்கம். திரும்ப வந்தால் பாதித் துப்பாக்கிதான் கிடைக்கும், எடுத்துக்கொண்டு போய் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளட்டும் என்பது அவள் கணக்கு.

லாக்கருக்கு அவளிடம் ஒரு சாவி. கிளப் பெட்டகத்தில் இன்னொன்று.

3

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. ஷெரிஃப் ஆபீஸின் விசாரணை அறை.

"டேய் நோலன்! கைவிலங்கைக் கழட்டுடா! இல்ல, மேஜையையும் சேத்துத் தூக்கிட்டு நடப்பேன்!"

"மிஸ் வெர்னா, ப்ளீஸ்... கத்தாதீங்க."

"கத்தாம? மூணாங்கிளாஸ்ல என் பஸ்ல வாந்தி எடுத்த பய நீ. பக்கெட் புடிச்சவ நான். என்னைப் பாத்துக் கொலைகாரின்னு எழுதறியா?"

நோலன் காது சிவந்தது. அடுத்த அறையிலிருந்து பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ரெண்டு மணிக்கு ஜட்ஜ் முன்னால உங்களை நிறுத்தணும். ஆயுள் தண்டனை கேக்கப் போறாங்க. விளையாட்டு இல்ல. நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்ல. எட்டே முக்காலுக்கு பஸ்ஸை விட்டுட்டு வந்து துணி மடிச்சேன்."

"யார் பாத்தாங்க?"

"துணி பாத்துது!"

"வெண்டெல் போன்ல நீங்க பேசினது இருக்கு. 'செத்துத் தொலை.'"

வெர்னா மேஜை மேல் குனிந்தாள்.

"கொன்னவ எதுக்குடா செத்தவனுக்குப் போன் போட்டுத் திட்டுவா?"

"நடிப்புங்கறாரு அரசு வக்கீல்."

"எனக்கு நடிக்க வந்தா நான் ஏன்டா பஸ் ஓட்டறேன்!"

"சனிக்கிழமை இருபது பேர் முன்னால சுடுவேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்கு அடுத்தது என்ன சொன்னேன்னு ஒருத்தன் சொன்னானா?"

"இல்ல."

"சொல்ல மாட்டானுங்க! பாதி காதுதான் இந்த ஊருக்கு! இருபத்தாறு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைங்களைச் சுமந்தேன். பனியில, மழையில, ஒருத்தனுக்குக் கீறல் விழல. நேத்து சாயங்காலமே என் பஸ்ஸை வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க. இன்னும் கோர்ட் வாசல்கூட மிதிக்கல நான்!"

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அதைத் துடைக்க விலங்கு விடவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

நோலன் ஃபைலைத் திறந்தான்.

"மிஸ் வெர்னா, நான் உங்களை நம்பணும்னுதான் பாக்கறேன். ஆனா இந்த லேப் ரிப்போர்ட் விட மாட்டேங்குது. லாக்கர்ல இருந்து மேல்பாதியை எடுத்தோம். உங்க வீட்டு பிஸ்கட் டப்பாவுல இருந்து கீழ்பாதி. நேத்து ரெண்டையும் சேத்து சுட்டுப் பாத்தாங்க. மரத்தடியில கிடைச்ச மூணு உறையிலயும் அந்த மேல்பாதியில தோட்டாவைக் குத்தற ஊசியோட தடம்தான். நூத்துக்கு நூறு. லாக்கரைத் திறக்க இன்னொரு சாவி கிளப் பெட்டகத்துல பத்திரமா இருக்குன்னு பெட்டகத்தைப் பாத்துக்கற மிஸ்டர் டெட்வைலர் எழுதிக் குடுத்திருக்காரு."

"யாரோ எடுத்திருக்கான்!"

"அதுவும் யோசிச்சேன். உங்களுக்காகத்தான், இருபது கஜத்துல இருந்து மூணு குண்டு இவ்ளோ நெருக்கமா இந்தத் துப்பாக்கியால போட முடியுமான்னு லேபைக் கேட்டேன். முடியாதுன்னு வந்தா உங்களைக் காப்பாத்தலாம்னு பாத்தேன்."

"கேட்டியே, புண்ணியவான்! என்ன சொன்னாங்க?"

நோலன் பெருமூச்சு விட்டான். படித்தான்.

"இருபத்தஞ்சு கஜம். அஞ்சு குண்டு. அஞ்சும் ஒரு கால் டாலர் நாணயத்துக்குள்ள. 'பார்வைக் கருவி மிகத் துல்லியமாகப் பொருத்தப்பட்டுள்ளது'ன்னு எழுதியிருக்காங்க. மன்னிச்சுடுங்க மிஸ் வெர்னா. இதோட உங்க கதை முடிஞ்சுது."



வெர்னா அவனையே பார்த்தாள். பிறகு...

சிரித்தாள்!

பிறகு விலங்கோடு மேஜையை ஓங்கிக் குத்தினாள்.

"டேய் மண்டு! அது என் துப்பாக்கியே இல்லடா!"

"நம்பர் உங்களோடது..."

"நம்பர் கிடக்கட்டும்! என் துப்பாக்கி பொறந்ததுல இருந்து ஒரு தடவைகூட குறி பாத்த இடத்துல சுட்டதில்ல! சனிக்கிழமை அஞ்சு தட்டுல அஞ்சும் போச்சு, குருவிக் கூண்டு உடைஞ்சுது, இருபது பேரு சிரிச்சானுங்க. அதையாவது கேட்டியா?"

நோலன் ஃபைலைப் புரட்டினான். குருவிக் கூண்டைப் பற்றி ஏழு பேர் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார்கள். அவனே கைப்பட எழுதியிருந்தான்.

"சனிக்கிழமை கோணலா இருந்தது வியாழக்கிழமை எப்படிடா நேராச்சு? நடுவுல நான் தொடவே இல்ல. தொட்டிருந்தாலும் எனக்குச் சரி பண்ணத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வெண்டெல்கிட்ட ஏன் தொண்டை கிழியக் கத்தறேன்? போட்டோ இருக்கா? மேல இருந்து எடுத்தது, காட்டு!"

காட்டினான்.

டாட் சைட். இரண்டு ஸ்க்ரூ. இரண்டின் மேலும் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. ஒவ்வொரு கோட்டின் நுனியிலும், தள்ளி, ஒரு சின்னப் புள்ளி.

வெர்னாவின் குரல் இறங்கியது. அது கத்தலைவிட பயமாக இருந்தது.

"என் ரோஸ் எங்கடா?"

"என்ன?"

"ரோஸ் கலர் நெயில் பாலிஷ் போட்டிருந்தேன். சுரண்டி எடுத்துட்டான். சைட்டைக் கழட்டச் சொல்லு. அடியில கண்டிப்பா தகடு இருக்கும்."

லேபுக்குப் போன் போனது. கால் மணி நேரத்தில் பதில் வந்தது. சைட்டுக்கு அடியில், கோணலை நிமிர்த்த, முடி அளவு மெல்லிய பித்தளைத் தகடு. ஓரங்கள் உரசி மழுப்பப்பட்டு, நான்கு மூலையும் அளந்து வெட்டியது.

"வெண்டெல் பியர் டின்னை வெட்டச் சொன்னாரு. பித்தளையை வெட்டி, ஓரம் வேற தேச்சிருக்கான். இருபது கஜத்துல இருந்து சுடணும்னா சைட்டு நேரா இருக்கணும், சரி பண்ணான். சுட்டு முடிச்சதும் பழையபடி லூசாக்கி வெச்சிருந்தா நான் இன்னிக்குத் தொலைஞ்சேன். அவனால முடியல! லூசான ஸ்க்ரூவை விட்டுட்டுப் போக அவன் கை வராது. கோடு போட்டு, புள்ளி வேற வெச்சுட்டுப் போயிருக்கான். நம்ம கிளப் காபி மெஷினைப் போய்ப் பாருடா!"

நோலன் மெதுவாக உட்கார்ந்தான்.

"மிஸ்டர் டெட்வைலரா? அவரு மேல எல்லாருக்கும் மரியாதை... அவரு எதுக்கு வெண்டெலைக் கொல்லணும்?"

"அது எனக்குத் தெரியாது. நீதானே போலீஸு!"

நோலன் சட்டென்று எழுந்தான். அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு டிராக்டர் காலண்டர் ஆடியது. முழங்கால் உயரத்தில்!

"மிஸ் வெர்னா... ஒரு அரை மணி நேரம் இருங்க."

"எங்க போவேன், மேஜையோடவா?"

4

ஒரு மணி பத்து நிமிடம்.

ராய்ஸ் டெட்வைலர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார்.

"ஒரே ஒரு கையெழுத்து சார். சாவி பத்தின வாக்குமூலத்துல" என்றான் நோலன்.

"பாவம் வெர்னா. கோபக்காரி. கோபமும் துப்பாக்கியும் சேரக் கூடாது, நான் எத்தனை தடவை சொன்னேன்."

மேஜை மேல் காகிதம். பக்கத்தில் நோலனின் சொந்த சர்வீஸ் துப்பாக்கி. குண்டு எடுத்து, மேல்பாதி பின்னால் இழுத்துத் திறந்து வைத்திருந்தது. அதன் தலையிலும் ஒரு டாட் சைட்.

அதில் ஒரு ஸ்க்ரூவை நோலன் கால் சுற்று தளர்த்தியிருந்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் வெர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளோடு ஷெரிஃபும் இருந்தார்.

ராய்ஸ் பேனாவை எடுத்தார். முதல் எழுத்துப் போட்டார். கண் துப்பாக்கிப் பக்கம் போனது. திரும்பியது. இரண்டாவது எழுத்து. கண் மறுபடியும் போனது.

"நோலன், உன் சைட் ஸ்க்ரூ லூசா இருக்கு."

"இருக்கட்டும் சார். கையெழுத்துப் போடுங்க."

"கால் சுத்து."

"அப்புறம் பாத்துக்கறேன் சார். இந்தாங்க, காபி. நான் அடுத்த பக்கத்தைப் பிரின்ட் எடுத்துட்டு வந்துடறேன்."

நோலன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

ராய்ஸ் தனியாக இருந்தார். காபியைக் குடித்தார். சுவரைப் பார்த்தார். விரல்களை மடக்கி மடியில் வைத்தார். ஒரு நிமிடம் தாங்கினார். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"நாசமாப் போறவன்... எப்படித்தான் இவனுக்கெல்லாம் துப்பாக்கி குடுக்கறாங்களோ!"

கை சட்டைப் பைக்குப் போனது.

'டிக்!'

அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. அதே பையிலிருந்து மஞ்சள் பேனா வந்தது. ஒரு கோடு. நுனியில், தள்ளி, ஒரு புள்ளி.

அவர் முகத்தில் நிம்மதி படர்ந்தது.

கதவு திறந்தது!

நோலன் உள்ளே வந்து, வெர்னாவின் துப்பாக்கிப் படத்தைப் பக்கத்தில் வைத்தான். அதே மஞ்சள். அதே நீளம். அதே சாய்வு. அதே புள்ளி.

"கோடு எல்லாரும் போடுவாங்க சார். புள்ளி எதுக்கு?"

ராய்ஸ் படத்தைப் பார்த்தார்.

"டயர் கம்பெனிக்குப் போன் பண்ணேன். 'நான் சோதித்துவிட்டேன்'னு ஆய்வாளர் வெக்கற புள்ளியாம். ஆளுக்கு ஒரு விதமாம். கோட்டு நுனியில தள்ளி வெக்கறவர் ஒருத்தர்தானாம்."

"இதெல்லாம் சாட்சி ஆகாது. நான் அவ சைட்டை எப்பவோ சரி பண்ணிக் குடுத்திருப்பேன்."

"எப்பவோ இல்ல சார், சனிக்கிழமைக்கு அப்புறம். வெண்டெல் ஷெட்டுல ஒரு காலண்டர் தொங்குது, முழங்கால் உயரத்துல. இன்னிக்குத்தான் தூக்கிப் பாத்தேன். அடியில குண்டு துளைச்ச ஓட்டை. பக்கத்துல பென்சில்ல எழுதியிருக்காரு: 'ராய்ஸ். ஆகஸ்ட் 9. கை தவறி வெடிச்சது. என் கால் தப்பிச்சது.' பக்கத்துல ஒரு சிரிக்கற மூஞ்சி வேற!"

ராய்ஸின் முகம் வெளுத்தது.

"அப்புறம் இன்னொண்ணு. காலி உறையை வெளிய உதைச்சுத் தள்ளற இரும்பு நாக்கு கீழ்பாதியில இருக்கு. அதுக்கும் தனித் தடம் உண்டு. மிஸ் வெர்னாதான் சொன்னாங்க. லேப்ல அதைப் பாக்கவே இல்ல. இப்பப் பாத்தாங்க. மரத்தடி உறையில இருக்கறது அவங்க கீழ்பாதி நாக்கு இல்ல. உங்க வீட்டுக்கு ஆள் போயிருக்கு சார். உங்க துப்பாக்கியும் அதே ரகம்தானே? அவங்க மேல்பாதி, உங்க கீழ்பாதி. சரியாப் பொருந்திருக்கும்!"

இனி இவனுக்கு என்ன மரியாதை? ராய்ஸ் எழுந்தான். மேஜையை அறைந்தான்.

"பத்தொம்போது வருஷம்! ஒரு நாள்கூட விட்டதில்ல! இன்னிக்குக் காலைல 6,948 போட்டுட்டு வரேன்! அந்தச் சோம்பேறிப் பய, ஞாயித்துக்கிழமை ஆண்டுக் கூட்டத்துல எல்லாருக்கும் சொல்லுவானாம். 'போர்டை பூஜ்யமாக்கு ராய்ஸ், உன் கையால ஆக்கு'ன்னு சிரிக்கறான்! எவனைப் பாத்து? வாழ்க்கையில ஒரு நேர்கோடு வெட்டினதில்ல அவன்! பள்ளம் கோணல், வேலை கோணல், அவனுக்கு என்னைப் பாத்து என்னடா சிரிப்பு!"

கதவு படாரென்று திறந்தது.

வெர்னா! கையில் விலங்கு இல்லை. தடுக்க வந்த ஷெரிஃப் பின்னால் தடுமாறி நின்றார்.

"ஒரு போர்டுக்காகவாய்யா?"

"வெர்னா, நீ வெளிய..."

"ஒரு தகர போர்டுக்காக ஒரு மனுஷனைக் கொன்னியா? அரைகுறைதான்யா அவரு! ஆனா இந்த ஊர்ல கையில காசு இல்லாதவன் துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போனா, வெரட்டாம உள்ள கூப்பிட்ட ஒரே ஆளு அவருதான்! நான் திட்டினா சிரிப்பாரு. அடுத்த நாள் நானும் சிரிப்பேன். அவ்ளோதான் எங்க சண்டை! நான் அவர்கிட்ட கடைசியாப் பேசினது என்ன தெரியுமா? 'செத்துத் தொலை!' அப்ப அவரு செத்துக் கிடக்காரு. அதை இனிமே நான் எங்கய்யா போய்த் திருப்பி வாங்குவேன்?"

அவள் கை ஓங்கியது. நோலன் பிடித்துக்கொண்டான். பிடித்தவனையும் சேர்த்து இரண்டடி இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னை மாட்டிவிட உறையைப் பொறுக்காம போட்டுட்டுப் போனியே, அதுகூட எனக்குப் பெரிசில்ல. என்னை அவருக்கு எமனா ஆக்கினியே, அதை விட மாட்டேன்!"

ராய்ஸ் அவளைப் பார்க்கவில்லை. அவன் பார்வை கதவின் மேல் கீலில் இருந்தது. அவள் திறந்த வேகத்தில் ஒரு ஸ்க்ரூ பிதுங்கியிருந்தது.

விலங்கு மாட்டி வெளியே கூட்டிக்கொண்டு போகும்போதும் திரும்பித் திரும்பி அதையே பார்த்தான்.

5

ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால் வெர்னா ஏணி போட்டு ஏறினாள். போர்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். ஒரே ஒரு பூஜ்யத்தை மாட்டினாள். அது கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. யாரும் நேராக்கவில்லை.

மறுநாள் பஸ் அவளுக்கே திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பூங்கொத்தோடு மன்னிப்புக் கேட்டு வந்தவரை, பூவை வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் திட்டி அனுப்பினாள்.

கேஸ் முடிய ஏழு மாதம் ஆயிற்று. ராய்ஸுக்கு ஆயுள் தண்டனை. வெர்னாவுக்குத் துப்பாக்கி.

ஏப்ரல் மாதப் போட்டி. இருபது பேரும் கூடியிருந்தார்கள். லேப் ரிப்போர்ட் பற்றி ஊருக்கே தெரியும். கால் டாலர் நாணயத்துக்குள் ஐந்து குண்டு போடும் துப்பாக்கி! இன்றைக்கு ஐந்து தட்டும் பறக்கும் என்று எல்லோரும் காதை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

டுமீல்! டுமீல்! டுமீல்! டுமீல்! டுமீல்!

ஐந்து தட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. தள்ளி, புதிதாக மாட்டிய குருவிக் கூண்டு கயிற்றோடு கீழே விழுந்தது.

நோலன் ஓடிவந்தான். துப்பாக்கியைப் பார்த்தான். சைட் கடகடவென்று ஆடியது. ஸ்க்ரூ மேல் மஞ்சள் இல்லை. பளிச்சென்று ரோஸ் கலர்!

"மிஸ் வெர்னா! அந்தப் பித்தளைத் தகடு எங்க?"

"ஆத்துல போட்டேன்."

"ஏன்? அவ்ளோ அருமையா சுட்டுதே! பழையபடி கோணலாக்கிட்டீங்களே!"

வெர்னா காலி உறைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

"வெண்டெல் வெட்டின பள்ளம்டா அது. அப்படியேதான் இருக்கும். அதுவுமில்லாம, உன்னை மாதிரி போலீஸ் இருக்கற ஊர்ல குறி தவறாம சுட்டா... ஆயுள் தண்டனைடா!"